பிரிய மறுத்த எண்ணெய்

எங்கள் புதுத் தொட்டி வேலை செய்வதைப் பார்க்கக் காலை பத்து மணிக்குக் கொழும்பு வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றார். தொட்டிக்குள் பார்த்தேன். மேலே எண்ணெய், கீழே அசிட் என்று இரண்டாகப் பிரிய வேண்டியது, ஒரே பழுப்புத் தயிராக நின்றது.

உரும்பிராயில் பழைய வயர்களிலிருந்து செப்பு மீட்கும் பட்டறை எங்களுடையது. பிளாண்ட் என் பொறுப்பு. அசிட்டில் கரைந்த செப்பை எண்ணெய் இழுத்துக்கொள்ள இரண்டையும் கலக்க வேண்டும். பிறகு அவை தாமாகப் பிரிய வேண்டும். முன்பு தண்ணீர்ப் பம்பின் சின்ன ஃபேனை வேகமாகச் சுற்றினோம். துளிகள் பொடிப்பொடியாகி, பிரிய அரைநாள் எடுத்தது. நான் அகலமான துடுப்புப் பூட்டி, வேகத்தைக் குறைத்து, சுழி விழாமலிருக்கத் தொட்டியின் உட்சுவரில் நான்கு தகடுகள் வைத்தேன். ஒத்திகையில் ஐந்து நிமிடத்தில் பிரிந்தது.

முதலாளி சிவபாலன் அண்ணை அப்படியும் நம்பவில்லை.

"பிள்ளை, அவருக்கு முன்னாலை உது பிரியேல்லையெண்டால் பழைய ஃபேனைத்தான் பூட்டுவன். பிறகு துடுப்பு எண்டு என்னோடை கதைக்க வரக்கூடாது."

இப்போது அது பிரியாமல் நிற்பதைக் கண்டு மனம் விட்டுப்போய், துடுப்பைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். அப்போதுதான் தொட்டி விளிம்பில் சந்தனம் அப்பியிருந்தது கண்ணில் பட்டது.

"அண்ணை, உதுக்குள்ளை ஏதும் போட்டனீங்களோ?"

"ஒண்டுமில்லை. விடியக் கும்பிட்டுப்போட்டுக் கொஞ்சம் திருநீறும் சந்தனமும் போட்டனான்."

"எவ்வளவு?"

"ஒரு சிரட்டை. போட்டவுடனை பொங்கிச்சுது. நல்ல சகுனமெண்டு இன்னொரு சிரட்டையும் போட்டன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சாம்பல் அசிட்டில் பொங்காமல் என்ன செய்யும்? கரையாத தூள் துளிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் அவை ஒன்றுசேரவே மாட்டா.

"அரை மணித்தியாலம் அவரைக் கதைச்சு வைச்சிருங்கோ."

கதையில் அண்ணையை வெல்ல ஆளில்லை. வாழைத்தோட்டம் காட்ட வாடிக்கையாளரைக் கூட்டிப் போனார். நான் தொட்டியைக் கழுவி, புது எண்ணெயும் அசிட்டும் ஊற்றிக் கலக்கி, மோட்டரை நிறுத்தினேன்.

நான்காவது நிமிடம், பக்கக் கண்ணாடியில் நூல் பிடித்தது போல ஒரு கோடு. மேலே கரும்பழுப்பு, கீழே வெளிறிய நீலம். திரும்பி வந்தவர்கள் முதலில் கண்டது, நான் துள்ளிக்கொண்டு நின்றதைத்தான்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் பிரியுது?" என்றார் வாடிக்கையாளர்.

அண்ணை முந்திக்கொண்டார். "எல்லாம் எங்கடை பிள்ளையின்ரை துடுப்பு. கடவுள்கூட உதிலை கை வைக்கேல்லை."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மெசினைக் கழற்ற முன் ஆட்களை விசாரியுங்கள். அதிலும் சம்பளம் தருகிறவரை விட்டுவிடாதீர்கள்.