மேசைக்கு அடியில் ஒரு கை

நர்சிங் கல்லூரி மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிசிடிவி. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுப் பாடம் எடுக்க வந்தவள். கை கழுவாமல் கட்டுப் போட வருகிறவளை நடையை வைத்தே பிடித்துவிடுவாள்.

அவளுடைய செய்முறை நேரத்தில் கொஞ்சத்தை வெட்டி, ஓவியம் வரைகிற ஒருத்திக்கு முதல்வர் கொடுத்தபோது சிசிடிவிக்கு மூக்கில் வியர்த்தது.

"படத்தை உத்துப் பார்த்துப் பழகினா நோயாளியைக் கவனிச்சுப் பார்க்க வந்துருமாம். என்னைக் கழட்டி விடத்தான் இந்தக் கூத்து," என்று ஓய்வறையில் புகைந்தாள். என்னதான் நடக்கிறது என்று வேவு பார்க்க, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு ஓவியம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பம்.

"அந்தம்மா சோகமா இருக்காங்க," என்றாள் ஒரு மாணவி.

"எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டாள் ஓவியக்காரி.

"தலை குனிஞ்சிருக்கு. தட்டுல வச்சது வச்சபடி இருக்கு."

"அதை முதல்ல சொல்லுங்க. சோகமா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

சிசிடிவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஆம்பளை ஒரு கைய மேசைக்கு அடியில வச்சிருக்கான். ஏதோ தப்பு பண்ணிட்டு மறைக்கிறான்."

"கை அடியில இருக்கு, அது நீங்க பார்த்தது. தப்பு பண்ணினான்ங்கறது நீங்களா சேர்த்தது, மேடம்."

மாணவிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

வீட்டிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. கணவர் கொஞ்ச நாளாகச் சரியில்லை. எங்கே போகிறோம் என்று சொல்லாமல் வெளியே கிளம்புகிறார். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்விடுகிறார். முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறவர் இப்போது தள்ளியே இருக்கிறார். வேறு எவளோ இருக்கிறாள் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். பெயர் மட்டும்தான் தெரியவில்லை.

அன்று மாலை அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். இடது கையில் ஸ்பூன். வலது கை மேசைக்கு அடியில்.

'நான் பார்த்தது எது, நானா சேர்த்தது எது?' என்று ஓவியக்காரியைத் திட்டிக்கொண்டே யோசித்தாள். அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. சட்டையின் மேல் பொத்தான் மாட்டப்படவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்து நடந்தபோது இடது கை வீசியது. வலது கை உடம்போடு ஒட்டியே போனது.

"என்னங்க, அந்தக் கைய மேல வைங்க."

"எதுக்கு?"

"வைங்கன்னா வைங்க."

தயங்கித் தயங்கி வைத்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல், மாத்திரையை உருட்டுவது போல, தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. அவள் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற நடுக்கம்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டுதான் இருக்கேன். நரம்பு டாக்டர், வேற ஆஸ்பத்திரி. பார்க்கின்சன்னு சொல்றார்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வீட்டை வார்டாக்கிடுவ. நான் உனக்கு புருஷனா இருக்கணும், பெட் நம்பரா இல்ல."

இத்தனை நாள் அவர் சட்டையை முகர்ந்தும் போனைத் துழாவியும் பார்த்தவள், அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. உருண்டுகொண்டிருந்த விரல்களைத் தன் இரு கைக்குள் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த முறை டாக்டரிடம் சேர்ந்தே போனார்கள். மருந்தில் நடுக்கம் ஓரளவு மட்டுப்பட்டது. ஓவியக்காரியின் வகுப்பை அவள் பிறகு தவறவிடவில்லை. ஆனால் அவளை முழுசாக நம்பிவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. யார் சொல்லி அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள் என்று இன்னும் குடைந்துகொண்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் காலையில் அவர் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது உதவிக்குப் போகாமல் கதவோரம் நிற்கிறாள்.

"என்ன பார்க்கிற?"

"சும்மாதான்."

"உன் சும்மாவை நான் நம்பினதே கிடையாது," என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பொத்தானுக்குப் போகிறார்.