தம் கட்டக் கூடாது

என் கணவருக்கு இருந்த ஒரே கர்வம் அவருடைய தம். சிகரெட்டைச் சொல்லவில்லை, மூச்சைச் சொல்கிறேன். படப்பையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் அதிக நேரம் தம் கட்டி அடியில் கிடக்கிறாரோ அவர்தான் கிணற்றுக்கு ராஜா. குடம் விழுந்தாலும் சரி, கம்மல் விழுந்தாலும் சரி, ராஜாவைத் தேடித்தான் ஆள் வரும். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க வந்த அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தத் தம்மைப் பற்றித்தான் பேசினார்கள். சம்பளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் இருவரும் ஓரகடம் போகும் சாலையில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவருக்குப் பம்ப் ஹவுஸ், எனக்கு ஸ்டோர்ஸ். கம்பெனிக்கு வேண்டிய தண்ணீர் பின்புறமிருந்த பழைய கல்குவாரிக் குட்டையிலிருந்து வரும். பம்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடிமுனையில் ஃபுட் வால்வு என்று ஒன்று உண்டு, அதைச் சுற்றி ஒரு சல்லடை. பாசியும் பிளாஸ்டிக் பையும் சல்லடையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும், உலை ஆட்கள் கத்த ஆரம்பிப்பார்கள். உடனே என் கணவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தம் கட்டி முங்கி, கை நிறையக் குப்பையோடு மேலே வருவார். கரையில் நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். அவர் வெளியே வந்துவிட்டார் என்று யாராவது வந்து சொல்லும்வரை ஸ்டோர்ஸில் எனக்குக் கை ஓடாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. குட்டை ததும்பியது. வழக்கமாக இருபதடியில் இருக்கும் ஃபுட் வால்வுக்கு மேல் இப்போது ஐம்பதடித் தண்ணீர் நின்றது. அடைப்பு விழுந்ததும் அவர் மூன்று முறை முங்கினார், மூன்று முறையும் பாதியிலேயே திரும்பினார். மூன்றாம் முறை மேலே வந்தபோது மூக்கில் ரத்தம். அன்றைக்கு நான் ஸ்டோர்ஸைப் பூட்டிவிட்டுக் குட்டைக்கு ஓடினேன். எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கம்பெனி டேங்கர் லாரியில் தண்ணீர் வரவழைத்துக்கொண்டு, கூடவே ஒரு மரப்பெட்டியையும் வரவழைத்தது. உள்ளே தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கான சாமான்கள்: முதுகில் மாட்டும் சிலிண்டர், வாயில் கவ்விக்கொள்ளும் குழாய், முகக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் துடுப்பு. ‘ஆக்சிஜன் சிலிண்டர் வந்துடுச்சி’ என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அதில் இருந்தது நாம் விடும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. படித்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. பயிற்சி எடுத்து சர்டிபிகேட் வாங்காத யாருக்கும் இதை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொன்னார். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஆரம்பமாயிற்று.

“நான் தண்ணிலயே வளந்தவன். எனக்கு இன்னாத்துக்கு மே சர்டிபிகேட்டு? ஒரே ஒரு வாட்டி சாவியக் குடு. போட்டுப் பாத்துட்டு வெச்சிடறேன்.”

“தர முடியாது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா அந்தப் பொட்டிய வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் வைத்தேன், கேட்கட்டும் என்று. அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவு பிடிவாதக்காரரைத்தான் எனக்குப் பிடித்தும் இருந்தது. அந்த மனுஷன் குட்டைக்குள் போய்த் திரும்பி வராமல் இருந்துவிட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் தூத்துக்குடிக்காரர். கடற்படையில் முக்குளிப்பு வேலை பார்த்துவிட்டு வந்து, சென்னையில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வயதை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தொப்பை வைத்திருந்தார். என் கணவர் அந்தத் தொப்பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கேன்டீனில் உட்கார வைத்து, தம் அடிக்கும் பழக்கம் உண்டா என்று தூத்துக்குடிக்காரர் கேட்டார். தம் கட்டுவேன் சார், அடிக்க மாட்டேன் என்றார் இவர் நெஞ்சை நிமிர்த்தி. சரி, இந்த சிலிண்டரோடு தண்ணீருக்குள் போனால் முதல் வேலை என்ன என்று அடுத்த கேள்வி. தம்மை நன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும், காற்று மிச்சமாகும் என்று இவர் சொன்னார். தூத்துக்குடிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“தம் கட்டவே கூடாதுவே. எந்நேரமும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். இத ஒண்ண மறந்தீருன்னா நான் சொல்லுத மிச்சம் அம்புட்டும் வீண்.”

என் கணவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து எது அவருடைய பெருமையோ, அதைத்தான் செய்யாதே என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த பேச்சு கயிறு. குட்டைத் தண்ணீர் கலங்கல், கீழே போனால் கை நீட்டினால் கை தெரியாது. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும், கரையில் கயிறு பிடிப்பவருக்கும் பயிற்சி வேண்டும், அவரும் தேறினால்தான் இவருக்கு சர்டிபிகேட் என்றார். யார் பிடிப்பது என்று மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். தூத்துக்குடிக்காரர் சொன்னார்: “எங்க ஊர்ல முத்துக் குளிக்கப் போறவனுக்குக் கயித்தப் பிடிக்கது பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவன்தான். தங்கச்சி தாலிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு அவன் கண்ண இமைக்க மாட்டான்.”

“எனக்கு அண்ணன் தம்பி இல்ல சார். தாலி என் கழுத்துலதான கீது. நானே புடிக்கிறேன்.”

எப்படி அந்த வார்த்தை வந்ததென்று எனக்கே தெரியவில்லை. மேனேஜர் பொம்பளை ஆளா என்று இழுத்தார். தூத்துக்குடிக்காரர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தங்கச்சி பிடிக்கட்டும், அண்ணன் நான் இருக்கிறேன் என்றார். அந்த நிமிஷத்திலிருந்து என் கணவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவரும் பதிலுக்கு மச்சான் என்றார்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் கம்பெனி வேனில் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு நீச்சல் குளத்தில், ஆழமான பக்கத்தில் பயிற்சி. முதல் நாள் மச்சான் ஒரு பலூனை எடுத்துக்கொண்டு அடிக்குப் போனார். அங்கேயே அதைக் காற்றால் முட்ட நிரப்பி, முடிச்சுப் போட்டு விட்டார். பலூன் மேலே வர வரப் பெருத்தது. தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குள் பட்டென்று வெடித்தது. அவர் மேலே வந்து என் கணவரின் நெஞ்சில் ஒரு விரலை வைத்து, இதுதான் அது என்றார். கிணற்றில் நீங்கள் மேலேயிருந்து எடுத்துப் போன காற்று மேலே வந்தால் பழைய அளவுக்குத்தான் வரும். சிலிண்டரில் அப்படியில்லை, அடியில் இழுத்த காற்று மேலே வரும்போது விரியும், தம் கட்டிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று விளக்கினார். இது தெரியாமல்தான் நான் சாவியைக் கொடுக்காமல் இருந்தேன். கொடுத்திருந்தால்? பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு சாவிப் பேச்சு நின்றது.

ஆனால் தெரிந்தால் மட்டும் போதுமா? சின்ன வயதுப் பழக்கம். வாயில் குழாயோடு இறங்குவார். நாலு குமிழி வரும், அப்புறம் நின்றுவிடும். குமிழி நின்றால் மனுஷன் தம் கட்டுகிறார் என்று அர்த்தம். மச்சான் பாய்ந்து போய் வயிற்றில் ஒரு குத்து விட்டு மூச்சை வெளியேற்றுவார். மூன்று நாள் மூன்று முறை ஃபெயில். நீச்சல் தெரியாமல் அங்கே வந்திருந்த ஒரு குண்டுப் பையனே இரண்டாம் நாள் தேறிவிட்டான். கிணற்று ராஜா வேனில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். முகக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீருக்குள் மறுபடி மாட்டுவது, கூட்டாளிக்குக் காற்றுக் கொடுப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஒன்றுதான் வரவில்லை.

நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. இவரை உட்கார வைப்பது கஷ்டம், பேச்சை நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். பாட்டு பாடிக்கொண்டே போகச் சொன்னால் என்ன? முனகினாலே மூச்சு வெளியே போகுமே. மச்சானிடம் கேட்டேன். நாங்களும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதுண்டு தங்கச்சி என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குப் பாட வருமா என்று கேட்டார். வராது, ஆனால் பாடுவார் என்றேன்.

அந்த வாரம் கிருத்திகைக்குக் குன்றத்தூர் போனோம். மலைப்படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு முனகல் என்று ஒப்பந்தம். ம்ம்ம் என்று ராகம் போட்டுக்கொண்டே ஏறினார். காவடி எடுத்து வந்த ஒரு பெரியவர் நின்று, பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து இவருக்கு வழிவிட்டார். நான் சிரித்துச் சிரித்துப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலும் விடவில்லை. கொல்லைப்புறக் கொடிக் கயிற்றை அவிழ்த்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை அடுக்களை ஜன்னல் வழியாக நான் பிடித்துக்கொண்டு சமைப்பேன். ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கிறாயா, பதிலுக்கு ஒன்று என்றால் இருக்கிறேன். மூன்று என்றால் மேலே வருகிறேன். விடாமல் இழுத்தால் ஆபத்து. ஒரு தடவை விடாமல் இழுத்தார். கரண்டியோடு ஓடினேன். பசிக்குது என்று பல்லைக் காட்டினார். கரண்டி வேறு எதற்கெல்லாம் உதவும் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த விளையாட்டு விளையாடவே இல்லை.

கடைசி நாள் குளத்தில் அவர் பாட்டுப் பாடியே தேறினார். நானும் தேறினேன். அப்புறம் இரண்டு முறை மச்சான் கூடவே இறங்கி எங்கள் குட்டையையும் பழக்கிவிட்டார். போட்டோ ஒட்டிய அட்டை இரண்டு பேருக்கும் வந்தது. என் போட்டோவில் கண் மூடியிருக்கும். இருந்தாலும் நாலு பேருக்குக் காட்டினேன்.

அடைப்பு எடுக்கும் நாள் வந்தது. நானே பெட்டியைத் திறந்து, ரிஜிஸ்டரில் அட்டை நம்பரை எழுதி, சாமான்களை எடுத்துக் கொடுத்தேன். ஷிப்டு முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் கரையில் நின்றார்கள். ஏதாவது என்றால் இறங்குவதற்கு மச்சான் முழு வேஷத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். என் கணவர் இறங்கினார். குமிழிகள் வரிசையாக வந்தன. கயிறு என் கைக்குள் அடி அடியாக நழுவியது. தண்ணீர் மேல் நீட்டிக் கட்டியிருந்த பம்ப் மேடைக்கு அடியில் போனதும் குமிழி கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருமுறை இழுத்தேன். பதில் இல்லை.

கரையில் யாரோ தூக்குங்கள் என்றார்கள். எனக்கும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் போலிருந்தது, மொத்தக் கயிற்றையும் வாரிச் சுருட்டி அவரை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் போலிருந்தது. வெடுக்கென்று தூக்கினால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது எனக்குத் தெரியுமே. கயிற்றில் தொய்வு இருந்தால் இழுப்பு போய்ச் சேராது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தொய்வைச் சுருட்டினேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டார். மறுபடி ஒருமுறை இழுத்தேன்.

கைக்குள் ஒரு இழுப்பு வந்தது. அழுத்தமாக, ஒன்று.

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. மூன்று இழுப்பு வந்தது. நானும் மூன்று கொடுத்தேன். குமிழிகள் மேடையை விட்டு வெளியே வந்து, மச்சான் சொல்லிக் கொடுத்தபடி பாதி ஆழத்தில் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, இடைவிடாமல் கொப்பளித்தபடி மெல்ல மெல்ல மேலே வந்தன. பாடிக்கொண்டுதான் வந்தார். தலை வெளியே வந்து குழாயை எடுத்ததும் கடைசி அடி காதில் விழுந்தது. அவ்வளவு மோசமான பாட்டைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பம்ப் போட்டதும் தண்ணீர் வந்தது. விசில் பறந்தது. மேனேஜருக்கு ஆசை தீரவில்லை. சல்லடையில் ஒரு போல்ட் ஆடுகிறது என்று இவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை இறங்கிக் கையோடு முடித்துவிடலாமே என்றார். உலை ஆட்கள், சிலிண்டரே வேண்டாம், அண்ணன் தம் கட்டினாலே போதும் என்று உசுப்பினார்கள். பழைய ஆளாக இருந்தால் அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீருக்குள் இருப்பார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

“அவளக் கேளுங்க சார். கயிறு அவ கையிலதான கீது. அவ போதும்னா போதும்.”

காற்று மீட்டரைப் பார்த்தேன். முள் அடியை நெருங்கியிருந்தது. இன்றைக்குப் போதும், நாளைக்கு சிலிண்டரை ரொப்பிக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். சரி என்று அவர் ஆபீஸ் பக்கம் நடந்தார். என் கணவர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். இடுப்பு முடிச்சை நான் அவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறேன், நனைந்து வேறு இருந்தது, அவிழவே இல்லை. எல்லோர் முன்னாலும் கண்ணீர் வேறு வந்து மறைத்தது. நான் அவிழ்த்து முடிக்கும்வரை அவர் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டு நின்றார்.