கடதாசிப் பைக்குள் என் தலை

இளைஞர் தலைவர் பயிற்சிக்கு வாவிக்கரை மண்டபத்தில் இருபது பேர் கூடியிருந்தோம். பாதி தமிழ், பாதி முஸ்லிம். நான் ஏறாவூர் முஸ்லிம். எனக்குச் சோடியாகக் கிடைத்தவன் கிரானில் வயல் செய்யும் தமிழ்ப் பொடியன். இரண்டு பேரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பேச வைக்க வேண்டும், அதுதான் திட்டம். சுனாமி நிவாரண வரிசையில் முளைத்த சந்தேகமே இன்னும் ஆறவில்லை, யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. அவனை வரச் சம்மதிக்க வைக்கவே எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சி மிஸ் ஒரு விளையாட்டுச் சொன்னார். இரண்டு ஓட்டை போட்ட கடதாசிப் பையை ஒருவர் தலையில் மாட்ட வேண்டும். முகம் மறைந்தால் இனமும் மறைந்துவிடுமாம். முன்னால் நிற்பவரை நம்பினால் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், நம்பாவிட்டால் பக்கவாட்டில். பேச்சுக் கிடையாது.

கம்பஸில் படிக்கிற திமிர் சும்மா விடுமா? "நான் வாறன் மிஸ்!" என்று பாய்ந்து போய் மாட்டிக்கொண்டேன்.

"இப்பதான்டா நீ வடிவா இரிக்காய்!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

சோடி வந்து முன்னால் நின்றான். கைகள் தொடையோடு ஒட்டி, பார்வை நிலத்தில். அந்த நிற்பைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் ஊரை மைதானத்தில் இப்படித்தான் வரிசையாக நிறுத்துவார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்புக்குள் இருப்பான். மேலும் கீழும் ஆட்டினால் ஆளை ஏற்றுவார்கள். பக்கவாட்டில் ஆட்டினால் விடுவார்கள். இவனுடைய அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாக்குக்குள் இருந்தது எங்கள் முஸ்லிம் ஆள்தான் என்று கிரானில் ஒரு பேச்சு.

வியர்வை கண்ணில் இறங்கியது. கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றேன். பையைக் கழற்றியிருக்கலாம்தான். கை எழும்பவில்லை.

"ஆட்டுங்க தம்பி, வெக்கப்படாதீங்க" என்றார் மிஸ்.

பக்கவாட்டில் ஆட்டினேன்.

"ஐயோ, நம்பல்லையா?" என்று மிஸ் கேட்டு முடிப்பதற்குள் அவன் கதவால் வெளியே நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பையைக் கிழித்து எறிந்துவிட்டு ஓடினேன். சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அது விளையாட்டுடா!"

"தெரியும்."

"அப்ப எங்கடா போறாய்?"

"நீ உட்டுட்டாய்தானே. உட்டாப் புறகு அங்க நிக்கப்படாது."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தான்.