அது வலயம்

நோர்வேக்கு வந்து பதினான்கு வருடமாகியும், வழியில் ஒரு வேலிப் படலையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் மீராவோடு வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையில் நடக்கப் போனேன். பாதைக்குக் குறுக்கே மரப்படலை, அதில் ஒரு பலகை. அந்தப் பக்கத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். பலகையை வாசிக்கக்கூட நான் நிற்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டேன். பழக்கதோஷம்! அவர் கண்ணாடியை மாட்டி என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "படம் நன்றாக இருக்கிறது" என்று தன் மொழியில் சொல்லித் திருப்பித் தந்தார். பிறகு தன் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். இது எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். நானும் தலையாட்டி வைத்தேன்.

மீராவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனம்மா காட்டினீங்கள்? படலையைச் சாத்துங்கோ, ஆடு ஓடிடும் எண்டுதானே போட்டுக் கிடக்கு!"

"நான் வலயம் எண்டு நினைச்சிட்டன்" என்றேன்.

"அப்பிடியெண்டா?"

எங்கள் வீடு திருகோணமலையில், சீனன்குடாப் பக்கம். எண்ணெய் நிரப்பிவைக்கும் பெரிய குதங்களைச் சுற்றிக் காடு, காட்டைச் சுற்றி முள்ளுக்கம்பி, கம்பியில் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பலகை, படலையில் அடையாள அட்டை கேட்கும் இராணுவம். அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? வலயம் என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும். அந்தச் சொல் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சின்னம்மா ஓடிப்போய்க் கலியாணம் கட்டிய கதையை யாராவது எடுத்தால், அப்பா சோற்றைப் பிசைந்தபடி "அது வலயம்" என்பார். நாங்கள் சிரிப்போம். கணக்குப் பாடத்தில் நான் எடுத்த புள்ளிகளும் வலயம்தான்.

பிறகு ஒருநாள் எங்கள் பசு சிவப்பி கம்பிக்கு அப்பால் போய்விட்டது. அதைப் பிடிக்க ரவியண்ணா போனார். பின்னேரம் சிவப்பி தானாக வந்து பட்டியில் நின்றது. அண்ணா வரவில்லை. தேடினோம், கேட்டோம், எழுதிக் கொடுத்தோம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவருக்குக் கலியாணமாகி எட்டே மாதம். அண்ணிக்கு முன்னால் அவர் பெயரை எடுக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். அன்றும் அதே சொல்தான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி இப்போது சாம்பல்தீவில், தன் தாய்வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் மழை, மீன் விலை, மீராவின் படிப்பு என்று பேசுவோம். அண்ணாவின் பேச்சு வந்ததே இல்லை. அண்ணிக்கு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய். அன்று சிவப்பியைக் கட்ட வேண்டியவள் நான். கட்ட மறந்துவிட்டேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. படலையடியில் மீராவிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் பையில் போட்டாள். "மாமிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"சொல்லுங்கோவன்."

வழக்கமாக அண்ணி எடுக்கும் நேரம் அது. படலையைத் திறந்து மீராவை உள்ளே விட்டு, நானும் ஒரு காலை வைத்திருப்பேன், தொலைபேசி அடித்தது. அவர் மழையைத் தொடங்குமுன் நான் தொடங்கிவிட்டேன். "அண்ணி, அண்டைக்குச் சிவப்பியைக் கட்டாமல் விட்டது நான்தான்."

கடல் இரைச்சலுக்கு நடுவே அண்ணியின் குரல் வந்தது.

"தெரியும் மச்சாள். போகேக்க இவர் என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். 'தங்கச்சி கட்ட மறந்திட்டாள், அப்பாட்டச் சொல்லிப்போடாதை, ஏசுவார்' எண்டு. கடைசியா அவர் கதைச்ச கதை அது. உங்களுக்குச் சொல்லத்தான் காத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் ஒருநாளும் அவரைப் பற்றிக் கேக்கேல்லையே."

அழுகை வந்தது.

"இருக்கிறீங்களோ மச்சாள்? இன்னும் சொல்லட்டோ?"

"ஓம் அண்ணி. சொல்லுங்கோ."

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மீரா ஓடிவந்து கைகளை விரித்து வழியை மறித்தாள். "அம்மா, ஒண்டில் உள்ளுக்கு வாங்கோ, இல்லாட்டி வெளியில போங்கோ. ஆடு வரப்போகுது!"

எனக்கு இரண்டும் முடியவில்லை. திறந்த படலையைப் பிடித்தபடி நடுவிலேயே நின்று, அண்ணா சிவப்பியைத் தேடிப் போன அன்றைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.