பன்னிரண்டடி டிஷ்ஷும் மூவாயிரத்து இருநூறு ரூபாயும்

சூசைமுத்து தங்கத்துரைக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி தரவேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருசத்துப் பாக்கி. இதைத் தவிர பாம்பன் கரையில் வேறு எவனுக்கும் அவர் ஒத்தை ரூபாய் வைத்ததில்லை. சந்தேகமிருந்தால் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

மூணாங்கிளாஸைப் பாதியில் விட்டவர். கருவாட்டு மூட்டை சுமந்தார், ஐஸ் பெட்டி தள்ளினார், தோளில் காய்ப்பு ஏற ஏறக் கையில் காசு ஏறியது. நாற்பது வயசில் ஒரு யோசனை வந்தது. தீவில் டிவி வாங்கினவன் அத்தனை பேரும் ஏணி போட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக் கிடந்தான். நாமே வானத்திலிருந்து படத்தைப் பிடித்து, வயர் இழுத்து, வீட்டுக்கு வீடு கொடுத்தால் என்ன? படித்தவன் எவனுக்கும் வராத யோசனை. வந்தது இவருக்குத்தான்.

மதுரைக்குப் போய்ப் பெரிய டிஷ் விலை கேட்டார். முப்பதாயிரம் என்றான் கடைக்காரன். மறுபேச்சில்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

அப்போதுதான் தங்கத்துரை வந்தான். இலங்கை மன்னார்க்காரன், மண்டபம் அகதி முகாமில் இருந்தான், படகு கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை. "எவ்வளவு அகலம் வேணும் எண்டு சொல்லுங்கோ அண்ணை, நான் செய்து தாறன்" என்றான். கடற்கரை மணலில் நைலான் கயிற்றைக் கட்டி வளைவு வரைந்தான். அந்தக் கோட்டின் மேலேயே கம்பியை வைத்து வளைத்தான். பதினாறு கம்பி, மேலே வலைத்தகடு, பன்னிரண்டடி. மொட்டைமாடியில் ஏற்றி நிமிர்த்தி வைத்தபோது தெருவே வந்து நின்றது. இந்தக் கரையில் செயற்கைக்கோள் இருப்பது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. அதனால் டிஷ்ஷும் மல்லாந்து, வானத்துக்கு ஏந்தின கிண்ணம் மாதிரித்தான் இருந்தது. முதல் நாள் டிவியில் வெறும் பூச்சி பறந்தது. இரண்டாம் நாள் பூச்சிக்குள்ளிருந்து ஒரு பெண் செய்தி வாசித்தாள். ஆறே வருசத்தில் ஆயிரத்து நூறு கனெக்சன்.

கூலி ஐயாயிரத்து இருநூறு பேசி, இரண்டாயிரம்தான் கொடுக்க முடிந்தது. அடுத்த வருசமே மீதியை எடுத்துக்கொண்டு சூசைமுத்து முகாமுக்குப் போனார். தங்கத்துரை கையை நீட்டவில்லை.

"இப்ப வேண்டாம் அண்ணை. நான் ஊருக்குப் போகேக்க தாங்கோ. இஞ்ச வாங்கினா இஞ்சயே கரைஞ்சிடும்."

"எப்ப போவ?"

"சண்டை முடிய."

சண்டை முடிந்தது. தங்கத்துரை போகவில்லை. மகள் டிலக்ஷனா படிக்கிறாள் என்றான், பிறகு அவள் கல்யாணம் என்றான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சூசைமுத்து பணத்தை எடுத்துக் காட்டுவார், அவன் சிரித்துத் தலையாட்டுவான். பணம் ஒரு பால்பவுடர் டின்னில் தனியாகவே இருந்தது. பழைய ஐநூறு செல்லாது என்றபோது அந்த நோட்டுகளை மாற்ற பேங்க் வாசலில் இரண்டு நாள் நின்றார். தன் பணத்துக்காக அவர் எந்த வரிசையிலும் நின்றதில்லை.

இதற்கிடையில் வீட்டுக்கு வீடு குட்டி டிஷ் முளைத்தது, பிறகு அதையும் விட்டுவிட்டு ஜனம் செல்போனுக்குள் போய்விட்டது. ஆயிரத்து நூறு கனெக்சன் பூஜ்யமானது. பெரிய டிஷ் மட்டும் மாடியில் மல்லாந்து கிடந்தது. தங்கத்துரை வருசத்துக்கொரு தடவை வந்து படகுக்கு அடித்து மிஞ்சின பெயின்டை அதற்கு அடிப்பான். ஒரு வருசம் பச்சை, ஒரு வருசம் நீலம். பெயின்ட் காய்ந்ததும் வெயில் தாழ இரண்டு பேரும் அதற்குள் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். வலைக்கண் வழியாகக் காற்று போகும்போது முதுகுக்குக் கீழே ஒரு முனகல் கேட்கும். கண்ணை மூடினால் டிஷ் மெல்ல ஆடுகிற மாதிரி, வீடு கரையை விட்டு நகருகிற மாதிரி இருக்கும்.

"இப்ப எங்கன இருக்கோம்?" என்பார் சூசைமுத்து.

"தலைமன்னார் வெளிச்சவீடு தெரியுது அண்ணை."

"பொய் சொல்லாதலே. அது ஏர்டெல் டவரு."

"கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ."

மூடிக்கொண்டு பார்த்தால் தெரியத்தான் செய்தது.

போன ஐப்பசிக் காற்றில் எவன் வீட்டுக் குட்டி டிஷ்ஷோ பறந்து போய் சேதுராமன் சார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்துவிட்டது. அவர் ரிட்டையரான வாத்தியார், அந்தோணியார் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துச் செயலாளர். மறுவாரமே கூட்டம் போட்டு ஒரு தாளை நீட்டினார். சூசைமுத்து வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். கையெழுத்துப் போடவே நாற்பது வயசில்தான் பழகினவர், பழகின நாளிலிருந்து எந்தத் தாளானாலும் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். படித்துப் பார்க்கிற வழக்கம் மட்டும் பழகவில்லை.

மூன்றாம் நாள் அதே தாளின் நகல் வீட்டுக்கு வந்தது. யாகப்பம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புருசனுக்குப் படித்துக் காட்டினாள். "பயன்பாட்டில் இல்லாத டிஷ் ஆன்டெனாக்களை உரிமையாளர்கள் முப்பது நாட்களுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் சங்கமே அகற்றி, ஆள்கூலியை உரிமையாளரிடம் வசூலிக்கும்."

"நல்ல சட்டம்தான?" என்றார் சூசைமுத்து. "குட்டி டிஷ்ஷெல்லாம் தொலையட்டும்."

"பெருசுன்னு விட்டுருவாகளோ? நம்ம மாடியில கிடக்கிறது என்னவாம்?"

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சேதுராமன் வீட்டுக்குப் போனார்.

"சார், என் டிஷ் பயன்பாட்டுலதான் இருக்கு. என் வீட்டுக்காரி அதுலதான் நெத்திலி காயப்போடுறா."

"அண்ணே, டிஷ்ஷுன்னா டிவி தெரியணும். நெத்திலி தெரிஞ்சா அது பந்தல்."

"இந்தத் தீவுக்கே முதமுதல்ல படம் காட்டின டிஷ் சார் அது. நீங்க அந்தக் காலத்துல எங்க வீட்டு வயருலதான் கிரிக்கெட் பாத்தீங்க."

"பாத்தேன். மாசம் அறுபது ரூவா கட்டித்தான் பாத்தேன்." சேதுராமன் குரலைத் தணித்தார். "குட்டி டிஷ்ஷுக்கே என் தொட்டி போச்சு. உங்களது பறந்தா என் வீடே போகும். ஊர்ல யாரு கேட்டாலும் நான் உங்க பேரைத்தான் காட்டுறேன், முத கையெழுத்து சூசைமுத்து அண்ணன் போட்டதுன்னு. நீங்களே மாட்டேன்னா மத்தவன் எவன் கழட்டுவான்?"

சூசைமுத்து படியிறங்கினார். தன் கையெழுத்தைத் தானே பொய்யாக்குகிற ஆள் இல்லை அவர்.

வீடு வரைக்கும் நடந்து வந்தார். டிஷ் போவதுகூடப் பெரிசில்லை. அந்த வேலைக்கான கூலியாகத்தான் பாக்கி நின்றது. வேலையே இல்லையென்று ஆனபிறகு பாக்கியை எந்தக் கணக்கில் நிறுத்திவைப்பது? இத்தனை வருசமாக அந்த மூவாயிரத்து இருநூறைக் கறையென்றுதான் நினைத்திருந்தார். அது தன்னிடம் இருக்கிற வரைக்கும்தான் தங்கத்துரை இங்கே இருக்கிறான் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. போன வருசமே ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருப்பதாக அவன் வேறு ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியிருந்தான்.

இருபத்தொன்பது நாள் கடத்தினார். கடைசி நாளுக்கு வரச்சொல்லி மண்டபத்துக்குப் போன் போட்டார்.

தங்கத்துரை காலையிலேயே ஸ்பானர் பையோடு வந்துவிட்டான். பதினாறு கம்பியும் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். வந்ததும் பையைத் திறக்கவில்லை.

"ஒருக்கா படுப்பமே அண்ணை?"

"இந்தக் காலையிலயா?"

"பின்னேரம் இது இருக்காதே."

ஏறிப் படுத்தார்கள். சூரியன் இன்னும் மேலே வரவில்லை. புதுப்பாலத்தில் ரயில் போகிற அதிர்வு சுவர் வழியாக ஏறி, கம்பி வழியாக முதுகுக்கு வந்தது. டிஷ் மெல்ல நகர ஆரம்பித்தது. தென்னை மட்டைகள் பின்னால் போயின. கொக்கு ஒன்று அவர்களுக்கு இணையாக வந்து, பிறகு பின்தங்கியது. கண்ணை மூடினபடி சூசைமுத்து கேட்டார்.

"எங்கன இருக்கோம் துரை?"

தங்கத்துரை பக்கத்துக் கம்பியை ஒரு தடவை தடவிப் பார்த்தான். "கரை தட்டப் போகுது அண்ணை" என்றான்.

அப்புறம் எழுந்து வேலையை ஆரம்பித்தான். வலைத்தகட்டைச் சுருட்டி வைத்தான். ஒவ்வொரு கம்பியையும் துடைத்துச் சுவரில் சாய்த்தான். உச்சிப் பொழுதுக்கு மாடி வெறும் மாடியாகிவிட்டது. நடுவில் வட்டமாக, வெயில் படாத சிமெண்டு மட்டும் கறுத்துத் தெரிந்தது. கீழே தெருவில் நின்றபடி சேதுராமன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

யாகப்பம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். சூசைமுத்து சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"இந்தா, கழட்டுன கூலி ஆயிரம். இந்தக் கரையில இவ்வளவு எவனும் குடுக்க மாட்டான்."

தங்கத்துரை ஸ்பானரைப் பைக்குள் போட்டான். பையின் வாயைக் கயிற்றால் கட்டினான், அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இது வேண்டாம் அண்ணை" என்றான். "பழசைத் தாங்கோ."

யாகப்பம்மாள் செம்பைப் பிடித்தபடியே நின்றாள். சூசைமுத்துவுக்கு முதலில் காதில் மட்டும்தான் விழுந்தது, பிறகுதான் புரிந்தது.

"எப்ப?"

"வாற வியாழன். ஊருக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்திட்டுது."

"ஏன்லே முன்னாடியே சொல்லல?"

"முதல்லயே சொன்னா நீங்கள் இதைக் கழட்ட விடமாட்டியள்."

சூசைமுத்து கீழே இறங்கி, பால்பவுடர் டின்னோடு ஏறி வந்தார். வட்டியாக இன்னும் ஒரு ஐயாயிரம் சேர்த்து எடுத்திருந்தார். தங்கத்துரை அதைக் கண்டதும் தலையாட்டினான், அதே பழைய சிரிப்பு. "கணக்குக் கணக்காக இருக்கட்டும்" என்றான். ஐயாயிரம் பைக்குத் திரும்பியது.

அவன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். கம்பித் துரு ரேகையெல்லாம் ஏறிச் சிவந்திருந்தது. கறுத்த வட்டத்தின் நடுவில் நின்று சூசைமுத்து எண்ணினார். ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு. மூணாங்கிளாஸ்தான் என்றாலும் பணக் கணக்கில் அவர் இதுவரைக்கும் தப்பினதில்லை. இரண்டாயிரத்து ஐநூறில் தப்பியது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து முதலிலிருந்து எண்ணினார். தங்கத்துரை கையை மடக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஆறு ஐநூறு வந்தது. ஒரு நூறு. இன்னொரு நூறை எச்சில் தொட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அதையும் அந்த விரித்த கையில் வைத்தார்.