நூறு காலடியும் என் தங்கையும்

இராணுவத்துக்கு ஆளெடுத்த அன்று, உயரம் அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று என் தங்கையைத் திருப்பி அனுப்பினார்கள். காலையில் எழுந்தவுடன் ஆள் கொஞ்சம் உயரமாக இருப்பார் என்று எங்கோ கேட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று அளவைத் தொட்டுவிட்டாள். காய்ச்சலோடு ஓடிய ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம். சிறந்த பயிற்றுநருக்கான கேடயம் இரண்டு முறை. இன்று அதிகாரிகளை உருவாக்கும் பள்ளியில் வரைபடப் பிரிவுக்கே அவள்தான் தலைவி, மேஜர். வீட்டில் எங்களுக்கு எறும்பு.

நான் எட்டாவது வரை படித்தவள். சீருடைக் கடையில் காலர் தைக்கிறேன். அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஆகவே எறும்பின் மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் என் கையெழுத்துதான். இராணுவ விண்ணப்பத்திலும், அவளுக்குப் பதினெட்டு நிறையாததால், அவள் விரல்ரேகை வைத்தாள், கையெழுத்து நான் போட்டேன்.

எனக்கு இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. பத்து வருஷம் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது நான்தான். முதலில் முன்னால் ஓடி ஓடி நின்று பார்ப்பாள். பிறகு தானே காலடியைச் சுருக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே வரப் பழகிவிட்டாள்.

பயிற்சிப் பள்ளியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இவள் நாற்பத்தேழு. அங்கே ஒரு தேர்வு உண்டு. பன்னிரண்டு பேரை வரைபடம் பார்த்து, பாதையில்லாத மேட்டு நிலத்தில், நான்கு மணி நேரத்துக்குள் சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எறும்பு இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதிலும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நடையில் ஒருத்தி காலடியை எண்ணிக்கொண்டே வருவாள். நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றுவாள். கற்களை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கூட்டிப்போகும் தலைவி கணக்கிடுவாள். அன்று எண்ணியவள் நெட்டை, எறும்பின் அடுத்த கட்டில்காரி. அவள் குதிகாலில் கொப்புளம். காலையிலிருந்தே கெந்திக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாவது கல்லில் எறும்பு இடது பக்கம் திருப்பினாள். திரும்ப வேண்டிய ஓடை இன்னும் தள்ளி இருந்தது. ஏறியது வேறு ஓடை. போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம்.

வந்ததும் தலைவி ஒரு தாள் எழுதித் தர வேண்டும்: தவறு என்ன, யாருடையது. எறும்பு தாளோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்க, நெட்டை நொண்டிக்கொண்டே வந்தாள்.

"என்னடி யோசிக்கிற? எண்ணினது நானு. என் நம்பரை எழுது."

"நீ சரியாத்தான்டி எண்ணின."

"எனக்கு இது முதல் தப்பு, திட்டுவாங்க, அவ்வளவுதான். உனக்கு இதோட மூட்டை கட்டணும். பெரிய தியாகி மாதிரி நடிக்காத."

"தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்க் காலை வெந்நீர்ல வையி. நாத்தம் தாங்கல."

பிறகு எழுதினாள். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன், எழுதியபடியே தருகிறேன்:

"எண்ணியவர் நொண்டுவதைக் காலையிலேயே பார்த்தேன். நொண்டுபவரின் நூறு காலடி மற்றவரின் நூறைவிடச் சின்னது. கணக்கை நான் மாற்றவில்லை. என் அக்காவுக்கு ஒரு கால் குட்டை. அவளோடு பத்து வருடம் நடந்த எனக்கு இது தெரியும். வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. தவறு என்னுடையது."

பயிற்றுநர் நின்றபடியே படித்தார்.

"கீழ நாற்பத்தேழுன்னு போட்டிருக்க. இது என்ன துணிக்கு வண்ணான் போடுற குறியா? கையெழுத்து எங்க?"

"போட்டதில்ல சார். எல்லாத்துக்கும் அக்காதான் போடுவா."

"உங்க அக்காவா வழி தவறினாங்க? நீ போடு."

நேரத்துக்குச் சுழி. தலைமைக்கு மட்டும் முழு மதிப்பெண். மொத்தம் ஐம்பத்தொன்று, ஐம்பது எடுத்தால் தேர்ச்சி.

இப்போது அவளிடம் வரும் ஒவ்வொரு புதுக் கூட்டமும் முதல் நாள் நூறு காலடி நடந்து தரையில் கோடு கிழிக்கும். பிறகு பூட்சுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு மறுபடி நூறு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தைக் காட்டி, "உன் ஆளுங்க கால்ல என்ன இருக்குன்னு தெரியாம கட்டளை போடாத" என்பாள். போன முறை நான் போயிருந்தபோது என்னையும் நடக்கச் சொன்னாள். "எனக்குக் கல்லு வேண்டாம்டி, பிறக்கும்போதே போட்டு அனுப்பிட்டாங்க" என்றேன். மேஜர் அத்தனை பேர் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, காலடியைச் சுருக்கி, கோடு வரை கூடவே வந்தாள்.

பழைய கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டியது அன்றுதான். கையெழுத்து என்று சொல்ல முடியாது. முழுப் பெயரை எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறாள். அடியில் தேதி: 14 மார்ச் 1996, வியாழக்கிழமை.