காவலரின் செருமல்

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் நான் வேலை பார்த்த வங்கிக்கு ஒரு காவலர் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லி உடம்பு, முறுக்காத நரைமீசை. யாருக்குப் பின்னால் போனாலும் நாலடி முன்பே நின்று செருமுவார். அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகே நகர்வார். லாக்கர் திறக்க வரும் ஆச்சிகள், "சளிக்கு மருந்து சாப்பிடக் கூடாதா?" என்பார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நானும் கேட்டேன்.

"சளியெல்லாம் இல்ல சார். சண்டையில எனக்குக் குடுத்த துப்பாக்கி முனையில, சத்தத்த அமுக்க ஒரு குழாய் இருக்கும். சுட்டா, குண்டு எங்குட்டிருந்து வந்துச்சுன்னு எதிராளிக்குப் பிடிபடாது. ஒரு தடவ, தூரத்துச் சுவரோரமா ரெண்டு பேரு நின்னாய்ங்க. ஒருத்தன் விழுந்துட்டான். மத்தவன் பதறிப்போயி, நான் சுவருக்கு அங்குட்டு இருக்கேன்னு நெனச்சு, என் பக்கமா இங்குட்டு வந்து ஒளிஞ்சான். எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்."

"அவனையும் சுட்டீகளா?"

அவர் தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்தார். வாசலை மறித்தபடி ஓர் ஆச்சி, தெருவைப் பார்த்து நின்றிருந்தார். காவலர் நாலடி தள்ளி நின்று செருமினார். தெருக் கூச்சலில் ஆச்சிக்குக் கேட்கவில்லை. மறுபடியும் செருமினார். ஆச்சி திரும்பும்வரை அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.